நாளைக்கு என்று சொல்லாதவர்

அவர் வாயிலிருந்து ‘நாளைக்கு’ என்ற சொல் வந்து வருஷக்கணக்கில் நான் கேட்டதில்லை.

அஸ்தம்பட்டியில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் அப்போது ஓர் அச்சாபீசில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். காலையில் அவர் மனைவி நனைந்த துணிகளோடு வெளியே வந்து, “மழ வருமா, துணி காயுமா?” என்று கேட்பார். அவர் ஏற்காட்டு மலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்?” என்பார். குரலில் நிஜமான கலக்கம் இருக்கும். மலைமேல் மேகம் எருமை மந்தையாக இறங்கிக்கொண்டிருக்கும்; குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாது. ஆனால் அடுத்த நிமிஷமே, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கும் யாரோ ஒரு குடியானவரிடம், நூல் மில் பங்கு பத்து வருஷம் கழித்து எங்கே நிற்கும் என்று சொல்லுவார். உலை கொதிக்கிறது என்று சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாக.

பங்குத் தரகு அவர் தொழில். கோயமுத்தூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த நூல் மில்களின் பங்குகளைச் சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயிகளுக்கு விற்றுக் கொடுப்பார். பத்திரிகையைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துத்தான் படிப்பார். அருகில் கொண்டுவந்தால் எழுத்து எறும்பாகிவிடுகிறது என்பார்.

பிறந்தது ஆத்தூர்ப் பக்கம். மேற்கே வந்து பிழைக்கவேண்டியிருந்ததால், எங்கள் பேச்சின் ‘ங்க’வை எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் வைத்தார். வழியில் படுத்திருந்த மாட்டைப் பார்த்து, “கொஞ்சம் நகருங்க” என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். மாடு நகரவில்லை. அவரும் தாண்டிப் போகவில்லை. அது தானாக எழுந்து போகும்வரை வெயிலில் குடையோடு நின்றார். மாட்டுக்குப் பயப்படுவார், மின்னலுக்குப் பயப்படுவார், தலைக்கு மேல் பல்லி சத்தமிட்டால் போட்ட செருப்பைக் கழற்றி மறுபடி உட்கார்ந்துவிடுவார், பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை முன்கம்பியை விடமாட்டார். பக்கத்தில் இருந்ததெல்லாம் அவரைக் கடித்தது. அதனால்தான் அவ்வளவு தூரத்தில் போய்க் குடியிருந்தாரோ என்று இப்போது தோன்றுகிறது. பத்து வருஷத்துக்கு அப்பால் மாடு இல்லை. மின்னல் இல்லை. பல்லி இல்லை. அங்கே வெயில் சமமாக விழுந்து, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

அவரைத் தேடி வந்தவர்களும் பயந்தவர்கள்தான். மழையை நம்பி விதைத்து, விலையை நம்பி அறுத்து, இரண்டும் கைவிட்ட கூட்டம். பயந்தவனுக்குப் பக்கத்து வார்த்தை வேண்டாம். அது நாளைக்கே பொய்த்துப்போகும். தூரத்து வார்த்தைதான் வேண்டும். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கலாம். அவர் குரல் தணிந்தே இருக்கும்; எவ்வளவு தூரத்து வருஷத்தைச் சொல்கிறாரோ அவ்வளவு தணியும். கேட்கிறவர்கள் மேலும் மேலும் குனிவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் காகிதத்தில் பிழை தேடிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கம் ஒரு பிழையும் இல்லாத வருஷங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்.

என் அக்காவை மோகனூரில் கொடுத்திருந்தோம். மச்சானுக்கு ஆற்றோரம் ஒரு வயல். ஊருக்கு மேற்கே கிணறும் வாழையுமாக ஒரு தோட்டம். தரகர் அந்தப் பக்கம் போனபோது நடந்ததை நான் பார்க்கவில்லை. அக்கா சொல்லிச் சொல்லி, பார்த்ததாகவே ஆகிவிட்டது.

முதலில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லவேண்டும். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, பெரிய காரியம் எதுவானாலும் அம்மன் கோயிலில் பூக் கேட்போம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியே இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம். வந்ததுதான் வாக்கு. காரியம் முடிகிறவரை அதைப்பற்றி மறுபடி கேட்கக் கூடாது. கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தம். நம்பாத வீடு விளங்காது. மனிதர் சொன்ன வாக்குக்கும் அதே கட்டுத்தான், சொன்னவர் தாம்பூலம் வாங்கிக்கொண்டால்.

ஆத்தூர்க்காரருக்கு இது தெரியாது.

கோயில் வாசல் புளியமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். “அணை முடியட்டுங்க. தண்ணி விழுந்தா கரண்டுங்க. கரண்டு வந்தா மில்லு நிக்காம ஓடும்ங்க. பத்து வருஷம் இந்தப் பங்குல கை வைக்காதீங்க. அப்புறம் நீங்க உக்காந்து சாப்பிடலாம்ங்க.”

உள்ளே ஆற்றோர வயலை விற்கலாமா என்று பூக் கேட்டு, வெள்ளை வந்த கையோடு மச்சான் வெளியே வந்தார். அவர் காதில் விழுந்த முதல் வார்த்தை இது. ஒரு தட்டில் வெற்றிலை பாக்குப் பழம் வைத்து நீட்டினார். தரகர் மரியாதை என்று நினைத்தார். ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, மீதியைத் துண்டில் முடிந்தார்.

“வாங்கிட்டாருங்க,” என்றார் கூட்டத்தில் ஒருவர், மெதுவாக.

தரகர் மென்றபடி சிரித்தாராம். கிணற்றின் விளிம்பில் நின்று சிரிக்கிற குழந்தையின் சிரிப்பு அது.

ஆற்றோர வயல் போயிற்று. பங்குப் பத்திரங்கள் வந்தன. அக்கா அவற்றை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் வைத்தாள்.

பிறகு விலைகள் விழுந்தன. கடலைக்காய் விழுந்தது, பருத்தி விழுந்தது, மஞ்சள் விழுந்தது. எதற்காக விழுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடலுக்கு அப்பால் யாரோ எதையோ இழுத்துவிட, இங்கே எங்கள் களத்துமேட்டில் தானியம் மண்ணாயிற்று. பெண்கள் தாலிக்கொடியை நிறுத்துப் போட்டுவிட்டுக் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு திரும்பினார்கள். அந்த நாட்களில்தான் அவர் வீட்டுப் பக்கமிருந்து ராகம் போன்ற அந்தத் தணிந்த குரல் நின்றது. கோயமுத்தூர் போய்விட்டு வந்தவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு என் வாசலில் உட்கார்ந்தார்.

“மில்லுல பாதி நின்னுபோச்சுங்க. மூடிருவாங்க போலிருக்குங்க.”

“பங்கு வாங்கினவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?”

“சொன்னேங்க. கேக்க மாட்டேங்கறாங்க. போற எடத்துலயெல்லாம் காதப் பொத்திக்கறாங்க.” துண்டை எடுத்தார். கண்கள் வேட்டியில் விழுந்த தீப்பொறியைப் பார்ப்பதுபோல இருந்தன. “நான் சொன்னத என்கிட்டயே சொல்லி என்னயத் தொரத்தறாங்க.”

மறுவாரம் அக்கா வந்தாள். தனியாக, பஸ்ஸில், தலையில் எண்ணெய்கூட வைக்காமல். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“தம்பி, உன்ற மச்சான் கெணத்துத் தோட்டத்தையும் விக்கப் போறாருடா. வெள்ளிக்கெழம அச்சாரம் வாங்கறாராம். பங்கு இப்ப மலிவாக் கெடைக்குதாம், இன்னும் வாங்கிப் போடோணுமாம்.”

“நீ சொல்றதுதானே?”

“நா எப்பிடிச் சாமி சொல்றது? வாக்கு இருக்குதே. நா வாயத் தொறந்து, நாளைக்குப் புள்ளைகளுக்கு ஒண்ணுன்னா?” அவள் பார்வை பக்கத்து வீட்டுக் கதவுக்குப் போயிற்று. “சொன்னவரே வந்து சொன்னா...”

அவர் எங்களோடு வந்தார். பஸ் நாமக்கல் மலையைச் சுற்றித் திரும்பும்போது முன்கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. வழி நெடுகப் புன்செய்க் காடுகள் விதைக்காமல் கிடந்தன. வெயில் அவற்றின்மேல் படுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. மோகனூரில் இறங்கியதும், “உங்க மச்சான் அடிப்பாருங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அடிக்கவில்லை. அதைவிட மோசமாக, காலில் விழுந்தார். தோட்டத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர், கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து, வாய்க்கால் தண்ணீரை அள்ளித் தரகர் கால்களைக் கழுவினார்.

“எங்கூட்டுச் சாமி வந்துருச்சு பாரு! ஏனுங்க, ஒரு சேதி சொல்லியுட்டிருந்தா வண்டி கட்டிட்டு வந்திருப்பனுங்களே!”

“நான் ஒண்ணு சொல்லணும்ங்க. பங்கு...”

மச்சான் முகம் மாறியது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு மாடுகளிடம் ஓடினார். கயிற்றில் ஏறி உட்கார்ந்து, கிணற்றடிச் சரிவுப் பள்ளத்தில் மாடுகளை ஓட்டியபடி, ஹோ ஹோ என்று வேண்டுமென்றே சத்தமிட்டார். தோல் சால் கிணற்றிலிருந்து தண்ணீரோடு மேலே வந்து கொட்டியது. தரகர் மாடுகளுக்குப் பக்கத்தில், மாட்டுக்குப் பயந்த அந்த மனிதர், கூடவே நடந்தார். முன்னால் நடந்தார், பின்னால் நடந்தார்.

“அது அப்பச் சொன்னதுங்க! இப்பத் தெரியறது வேறங்க! இருக்கறத வித்துருங்க, தோட்டத்தத் தொடாதீங்க!”

“மறுக்கா பேசாதீங்க சாமி! ஹோ! பத்து வருசம்னீங்க, பத்து வருசந்தான்! மலிவா வந்தா வாங்கறதுதான புத்தி! ஹோ!”

“தெரியாமச் சொல்லிட்டேங்க!”

மச்சான் மாடுகளை நிறுத்தினார். தண்ணீர் சத்தமும் நின்றது. பள்ளத்தின் அடியில் மாடுகள் மூச்சுவிட்டன.

“தெரியாமயா சொன்னீங்க?”

“ஆமாங்க. தெரியாமத்தாங்க சொன்னேன். பத்து வருஷம் எவனுக்குத் தெரியும்ங்க? அடுத்த மாசமே எனக்குத் தெரியாதுங்க.”

இனிமேல் எது நடந்தாலும் சரி, உண்மை வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். மச்சான் தரகரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பி, “பாத்தியா மாப்ள, வாக்குச் சொல்றவங்க அப்பிடித்தான். தனக்குத் தெரியும்னு ஒருநாளும் ஒத்துக்க மாட்டாங்க,” என்றார்.

அந்த மலர்ச்சியைவிடப் பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை. மச்சானிடமிருந்து தப்பிக்க அந்தச் சொல்லுக்கு வழியே இல்லை. உண்மையைச் சொன்னால் அது பணிவாயிற்று. அழுதால் அருளாயிற்று. தரகர் தான் பேசிய பேச்சையே, யாரோ திறந்துவிட்ட காளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அப்போது அக்கா தட்டோடு வந்தாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு பழம். வந்த வேகத்தில் பாக்கு உருண்டு உருண்டு ஓரத்தில் மோதியது. புருஷன் முகத்தைப் பார்க்காமல், தரகரிடம் பேசினாள்.

“வாக்கத் திருப்பி எடுக்கோணும்னா ஒரு வழி இருக்குதுங்க. வாங்குன தாம்பூலத்தத் திருப்பிக் குடுத்தரோணும்.”

“ஏ புள்ள, வாய மூடு!” என்றார் மச்சான்.

“குடுத்தா?” என்றார் தரகர்.

அதற்கு மச்சான்தான் பதில் சொன்னார். இப்போது அவர் குரல் தணிந்திருந்தது. “வேணாமுங்க. திருப்பிக் குடுத்தா, இந்த வாக்குனால வாற கெடுதி எதுவோ, அது பூராவும் உங்கூட்டுக்கு வந்துரும். நீங்க பொம்பளப் புள்ள வச்சிருக்கறவரு. எங்கெடுதி எங்களோட இருக்கட்டும். வேணாமுங்க.”

தரகர் அதை நம்பினாரா என்று கேட்காதீர்கள். பல்லிக்குப் பயந்து வீட்டுக்குள் திரும்புகிறவர். அவர் உதடுகள் அசைந்தன. மகள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டார் என்று நினைக்கிறேன். வாழை இலைகள் ஒன்றோடொன்று உரசின. கிணற்றின் அடியிலிருந்து ஒரு புறா எழுந்து வெளியே போயிற்று. அவர் குடையைத் தரையில் வைத்தார். தட்டை வாங்கினார். மச்சான் பின்னால் நகர, இவர் முன்னால் நகர, கடைசியில் மச்சானின் முதுகு கிணற்றுக் கல்தூணில் முட்டியது.

“இந்தாங்க,” என்றார். “எடுத்துக்கங்க. என் வீட்டுக்கே வரட்டும்ங்க.”

மச்சான் தட்டை வாங்கினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. நுகத்தடியிலிருந்து அவிழ்த்த மாடு முதலில் சற்று நேரம் அசையாமல் நிற்குமே, அப்படி நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, ஓயாமல் அழுதார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

தோட்டம் விற்கவில்லை. பங்குகளை விற்றார்கள். ஆற்றோர வயல் ஒரு ஜோடி மாடாகத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒருவருக்கும் எதுவும் சொன்னதில்லை. தொழிலை விட்டுச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்குப் பார்க்கப் போனார். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் சுவர் வழியாக அவர் நடை கேட்கும். மனைவி கால் வழுக்கினால், ஓடு ஒழுகினால், பால் திரிந்தால், ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார், இதுதானா அது என்று. பெரிதாக எதுவும் வரவில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. வராமல் இருந்ததுதான் அவரை அரித்தது. வந்துவிட்டால் முடிந்துவிடும். வராத வரைக்கும் அது எல்லா வாசலிலும் நின்றது.

சண்டை வந்து, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனம் பெட்டி படுக்கையோடு சேலத்துக்கு வந்து இறங்கிய நாட்களில், பழைய ஆட்கள் மறுபடி அவர் வாசலுக்கு வந்தார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. “தெரியாதுங்க” என்று கதவை மூடினார். அவர்கள் போகவில்லை. ஒருநாள் அவர் வீட்டுப் பானை உடைந்து, புதிதாக ஒரு பெரிய பானை வாங்கிப் போனார். தண்ணீர்ப் பஞ்சம் வரப்போகிறது, அவருக்குத் தெரிந்துவிட்டது என்று பேச்சு கிளம்பி, சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் பானை இல்லை. கேட்டு நான் சிரித்தேன். அவர் அன்று சாப்பிடவில்லை. “வாயைத்தான் மூடினேங்க. பானை வாங்கறதயும் எப்பிடிங்க நிறுத்தறது?” என்றார்.

அந்தச் சண்டையில்தான் நூலுக்குக் கிராக்கி வந்தது. அணை எப்போதோ முடிந்திருந்தது, கரண்டும் வந்திருந்தது. மூடிவிடும் என்று அவர் சொன்ன மில் மூடவே இல்லை. நொண்டி நொண்டிக் கிடந்தது எழுந்து ஓட ஆரம்பித்தது. பத்து வருஷத்தில் அல்ல, இன்னும் சில வருஷம் தள்ளி, புளியமரத்தடியில் அவர் சொன்ன இடத்தையும் தாண்டிப் பங்கு போயிற்று. விற்காமல் வைத்திருந்தவர்கள் மோகனூரில் இரண்டு பேர். ஒருவர் மச்சுவீடு கட்டினார். இன்னொருவர் அதற்கு வெகு நாள் முன்பே, தோட்டம் ஏலம் போய், குடும்பத்தோடு கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போயிருந்தார். அவர் பங்கு இப்போது எந்தப் பெட்டியில், யார் தலைமாட்டில் இருந்ததோ.

அக்கா வருஷா வருஷம் தோட்டத்து வாழைத்தார் ஒன்று அவருக்குக் கொண்டுவருவாள். அந்த வருஷம் அவள் தாரை உத்தரத்தில் கட்டிக்கொண்டிருக்கும்போது, பங்கு விலையை நான்தான் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அப்ப முதல்ல சொன்னதுதான் நெசமா?”

“ஆமாங்க.”

“அப்ப ரெண்டாவது சொன்னது? தோட்டத்துல நின்னு சொன்னது? அது பொய்யிங்களா?” அக்காவைப் பார்த்தார். “நான் தடுக்காம இருந்திருந்தா இன்னிக்கு நீங்க...”

அக்கா கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். கீழே இறங்கி முந்தானையில் கை துடைத்தாள்.

“எது நெசமா இருந்தா எனக்கென்னங்க? நடுப்புற கெடந்த வருசத்துக்கெல்லாம் என்ற புள்ளைக எதத் தின்னிருக்கும்?”

அவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றுவதற்காகச் சிரித்தாள். “செரி, அதெல்லாம் கெடக்கட்டும். பத்து வருசத்தச் சொன்னவரு, இந்தத் தாரு எப்பப் பழுக்கும்னு சொல்லுங்க பாக்கலாம்.”

அவர் தாரின் அருகே போனார். மிக அருகே, அவருக்கு எழுத்து எறும்பாகிற தூரத்துக்கு. கடைசிச் சீப்பில் ஒரு காயை ஒரு விரலால் தொட்டார். பச்சை, இன்னும் கல்லாக இருந்தது.

“தெரியலீங்க,” என்றார். விரலை எடுக்காமலே, “நாளைக்கு ஒருக்கா தொட்டுப் பாக்கணும்ங்க.”

சொன்ன கையோடு விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, தலையைத் தூக்கி மோட்டுவளையைப் பார்த்தார். பல்லி அங்கேதான் இருந்தது. அது சத்தமிடுமா என்று மூன்று பேரும் காத்திருந்தோம்.